லேப்டாப்பில் 24 பிட் பதிவு: எங்கே பார்ப்பது, எங்கே மாற்றுவது, எங்கே நழுவிப் போகிறது

கேள்வி சுருக்கமாக இது. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கும் தம்பி ஒருவர், தன் பாட்டியும் ஊர்ப் பெரியவர்களும் பாடும் படுகப் பாட்டுகளை யூஎஸ்பி மைக் வைத்து, விண்டோஸ் லேப்டாப்பில், ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்துவருகிறார். ஆய்வுக்காக அந்தப் பாட்டுகளைத் தரும்படி கேட்டிருக்கும் மாணவி ஒருவர் "24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைலாக வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். லேப்டாப்பில் பார்த்தால் 16 பிட் என்று காட்டுகிறது. எங்கே மாற்றுவது, மாற்றினால் மட்டும் போதுமா, இதுவரை எடுத்ததெல்லாம் வீணா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வீணில்லை. ஒரு ஃபைலையும் அழிக்காதீர்கள். அந்தப் பெரியவர்கள் அதே பாட்டை அதே மாதிரி இன்னொரு முறை பாடுவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 16 பிட் என்பது 1982 முதல் சிடியில் கேட்டுவரும் தரம்தான். பழைய பதிவுகளை என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

மாணவி ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எளிது. ஒலி அலையை நொடிக்கு 48,000 தடவை அளந்து எண்ணாகக் குறித்துவைக்கிறோம். அதுதான் 48 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறோம் என்பது பிட் கணக்கு. 16 பிட்டில் 65,536 நிலைகள். 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். ஒரு பிட் கூடினால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே பிடிக்கக்கூடிய வீச்சு சுமார் 6 டெசிபல் கூடும். அப்படிப் பார்த்தால் 16 பிட்டுக்கு 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144 டெசிபல். இந்த 144 காகிதக் கணக்குதான். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டிகளான இன்டர்ஃபேஸ்களில் நல்லவைகூட 110 முதல் 120 டெசிபல் வரைதான் தருகின்றன, அதாவது ஏறக்குறைய 20 பிட். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. பாதுகாப்புப் பிரதிக்கு 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் என்று பரிந்துரைக்கிறது. மாணவி கேட்பது அந்த வழக்கத்தைத்தான்.

24 பிட் போட்டால் பாட்டியின் குரல் இனிமையாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்குக் கிடைப்பது தாராளமான இடம். சத்தம் உச்சத்தில் உடைந்துவிடுமோ என்ற பயமில்லாமல் சத்த அளவைக் கொஞ்சம் கீழே வைத்துப் பதிவு செய்யலாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பதிவு செய்பவருக்கு இது பெரிய வசதி. கேட்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இப்போது செட்டிங் விஷயம். பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு: பிட் அளவு ஒரே இடத்தில் தீர்மானமாவதில்லை. மைக்குக்குள் இருக்கும் சிப், விண்டோஸின் ஃபார்மேட், ஆடாசிட்டி எந்த வழியாக ஒலியை வாங்குகிறது என்பது, கடைசியாக எக்ஸ்போர்ட் என நாலு இடங்களைக் கடந்துதான் ஃபைல் உருவாகிறது. நாலில் எது குறைவோ அதுதான் உங்கள் பதிவின் உண்மையான அளவு. ஃபைலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு.

விண்டோஸில் ஆரம்பியுங்கள். 11ஆம் பதிப்பு என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், இன்புட் பகுதியில் உங்கள் மைக்கின் பெயரைத் தொடுங்கள். அங்கே ஃபார்மேட் என்று ஒரு பட்டியல் இருக்கும். 10ஆம் பதிப்பிலும் அதற்கு முந்தையவற்றிலும் பழைய சவுண்ட் ஜன்னல்தான். விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எம்.எம்.எஸ்.ஒய்.எஸ். என்ற ஐந்து எழுத்து, ஒரு புள்ளி, பிறகு சி.பி.எல். என்று இடைவெளி இல்லாமல் அடித்தால் நேராக அது திறக்கும். ரெக்கார்டிங் தாவலில் மைக்கைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. அங்கே டீஃபால்ட் ஃபார்மேட் பட்டியலில் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் இருந்தால் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுங்கள். பக்கத்தில் ஸ்டுடியோ குவாலிட்டி என்று போட்டிருக்கும், அது வெறும் பெயர்தான். வேறு ஏதோ நிரல் இந்த மைக்கைப் பயன்படுத்துகிறது என்று எச்சரிக்கை வந்தால், ஆடாசிட்டியையும் பிரவுசரையும் மூடிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

ப்ளேபேக் தாவலிலும் இதே மாதிரி ஒரு ஃபார்மேட் இருக்கிறது. அது ஸ்பீக்கருக்கானது. அதை மாற்றினால் பதிவில் ஒன்றும் மாறாது. கேட்பதற்கு 16 பிட்டே தாராளம், அதை அப்படியே விட்டுவிடலாம்.

அதே ஜன்னலில் என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 11இல் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று வரும். இரைச்சலைக் குறைக்கிறேன், குரலைச் சமப்படுத்துகிறேன் என்று அது செய்யும் வேலை போன் பேச்சுக்குச் சரி. பாட்டின் இழுப்பு அடங்கும் இடத்தில் குரலையே இரைச்சல் என்று நினைத்து அறுத்துவிடும். 24 பிட் வேண்டும் என்று போராடிவிட்டு இதை அணைக்காமல் விட்டால் பிரயோஜனமில்லை.

பட்டியலில் 24 பிட்டே இல்லை என்றால்? பெரும்பாலும் மைக்கிலேயே அது இல்லை என்று அர்த்தம். யூஎஸ்பி மைக் பலவற்றில் உள்ளே இருப்பது 16 பிட் சிப்தான். உலகம் முழுக்க விற்ற ப்ளூ எட்டியின் வழக்கமான மாடல்கூட 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்தான். உங்கள் மைக்கின் பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ பாருங்கள். 24 பிட் என்று அங்கே எழுதியிருந்தும் பட்டியலில் வரவில்லை என்றால், அவர்கள் தரும் டிரைவரைப் போட்டுப் பாருங்கள். ஏசியோ என்ற தனி வகை ஒலி டிரைவரோடு வரும் இன்டர்ஃபேஸ் என்றால், அந்த டிரைவர் வழியாகப் பதிவு செய்யும்போது விண்டோஸ் பட்டியலுக்கு வேலையே இல்லை, எல்லாம் அந்த டிரைவரின் சொந்த ஜன்னலில்தான். ப்ளூடூத் ஹெட்செட் மைக்கை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். மைக் ஓடும்போது அது போன் தரத்துக்கு இறங்கிவிடும்.

இன்னொன்று. யூஎஸ்பி மைக்கை வேறு துளையில் செருகினால், பல மைக்குகளை விண்டோஸ் புது சாதனமாக எடுத்துக்கொண்டு பழைய ஃபார்மேட்டுக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் இப்படி நடப்பதுண்டு. அதனால் எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள், ஒவ்வொரு முறை பதிவுக்கு முன்னும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆடாசிட்டி. டிராக்கின் ஓரத்தில் 32 பிட் ஃப்ளோட் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து நம் பதிவு 32 பிட் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது ஆடாசிட்டி தன் உள்வேலைக்கு வைத்திருக்கும் அளவு. எக்கோ போட, சத்தம் ஏற்ற இறக்க, கணக்குப் பிழை சேராமல் இருக்க அது நல்லது, அப்படியே இருக்கட்டும். ஆனால் 16 பிட்டாக உள்ளே வந்ததை அது பெரிதாக்கிவிடாது. நிஜமான 32 பிட் ஃப்ளோட் பதிவு, அதற்கென்றே செய்யப்பட்ட ரெக்கார்டர், இன்டர்ஃபேஸ், மைக் போன்ற சாதனங்களில் மட்டும்தான்.

ஆடாசிட்டியில் நீங்கள் மாற்ற வேண்டியது ஹோஸ்ட், அதாவது அது ஒலியை வாங்கும் வழி. ஆடியோ செட்டப் பொத்தானுக்குள் இருக்கும். வழக்கமாக எம்.எம்.இ. என்று இருக்கும். அதன் வழியாகவும் டைரக்ட்சவுண்ட் வழியாகவும் வந்தால் 16 பிட்தான் கிடைக்கும், விண்டோஸில் 24 போட்டிருந்தாலும் சரி. விண்டோஸ் வசாபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். ப்ராஜெக்ட் ரேட்டையும் 48000 ஆக்குங்கள். விண்டோஸில் 48000, ஆடாசிட்டியில் 44100 என்று வைத்தால் நடுவில் ஒரு தேவையில்லாத மாற்றம் நடக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் எக்ஸ்போர்ட்டில் எல்லாம் போய்விடுவதுதான் அதிகம் நடப்பது. ஆடாசிட்டியில் வேவ் என்று தேர்ந்தெடுத்தால் என்கோடிங் இடத்தில் அதுவாக வருவது 16 பிட் பிசிஎம். அதைத் திறந்து சைன்டு 24 பிட் பிசிஎம் என்று மாற்ற வேண்டும். தம்பி, உங்கள் பழைய பதிவுகளின் ப்ராஜெக்ட் ஃபைல்கள் லேப்டாப்பில் இன்னும் இருந்தால் நல்லது. வசாபி வழியாக 24 பிட் மைக்கில் எடுத்தது ஏதாவது அவற்றில் இருந்தால், அதிலிருந்து 24 பிட்டில் இப்போதே மறுபடி எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம்.

மேக்கில் வேலை குறைவு. யூட்டிலிட்டீஸ் ஃபோல்டரில் ஆடியோ மிடி செட்டப் என்ற நிரலைத் திறந்து, இடப்பக்கம் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஃபார்மேட் பட்டியல் வலப்பக்கம் இருக்கும். லினக்ஸ் என்றால், அரசு கொடுத்த பழைய பள்ளி லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அதில் ஒலியைக் கையாள்வது பல்ஸ்ஆடியோ என்றால் அது இயல்பாக 16 பிட்டில் ஓடும், அதன் டீமன் அமைப்புக் கோப்பில் மாதிரி வடிவத்தை மாற்ற வேண்டும். ஆடாசிட்டியில் ஆல்சா ஹோஸ்டைத் தேர்ந்தெடுத்து மைக்கை நேராகப் பிடித்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

சரி, எல்லாம் மாற்றியாயிற்று. உண்மையில் 24 பிட் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபைலை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பார்த்தால் விண்டோஸ் பிட் ரேட்டைத்தான் காட்டும். அது வேறு கணக்கு, ஆனாலும் அதிலிருந்து ஊகிக்கலாம். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் 1411 கேபிபிஎஸ். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் 2304. அதுவே மோனோ என்றால் 1152. 1536 என்று வந்தால் குழப்பம்: 16 பிட் ஸ்டீரியோவுக்கும் 32 பிட் மோனோவுக்கும் அதே எண்தான். அதனால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச நிரலைப் போட்டுக்கொள்ளுங்கள். பிட் டெப்த் என்று தனி வரியிலேயே எழுதிக் காட்டும்.

மீடியாஇன்ஃபோவும் மேலே ஒட்டியிருக்கும் சீட்டைத்தான் படிக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்க சாக்ஸ் என்ற நிரலின் ஸ்டாட்ஸ் வசதி இருக்கிறது. 24 பிட் என்று பெயர் வைத்த ஃபைலில் அது 16 என்று சொன்னால், கீழே உள்ள 8 பிட்டும் வெறும் பூஜ்யம், வழியில் எங்கோ 16க்கு இறங்கி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை எடிட் எதுவும் செய்யாத, சத்தம் ஏற்றாத, ரேட் மாற்றாத பதிவில் செய்ய வேண்டும். ஏதாவது செய்துவிட்டால் அந்தக் கணக்கே கீழ்ப் பிட்களை நிரப்பிவிடும், 24 என்று காட்டும். புது செட்டிங்கில் முதல் பதிவு எடுத்ததும் ஒரு நிமிடத் துண்டை இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு நிம்மதி.

இனி, செட்டிங்கைவிட முக்கியமான ஒன்று: அளவு வைப்பது, அதாவது எவ்வளவு சத்தத்தில் பதிவு செய்வது என்பது. பதிவு பொத்தானை அழுத்துவதற்கு முன் பாட்டியைப் பாட்டின் உரத்த அடியைப் பாடச் சொல்லுங்கள். தொடக்க அடியைப் பாடச் சொன்னால் மெதுவாகத்தான் பாடுவார், அதை வைத்து அளவு வைத்துவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து பாடும்போது மீட்டர் சிவப்புக்குப் போய்விடும். மீட்டரில் மேல் எல்லை பூஜ்யம், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்க வேண்டும். கோத்தர் பழங்குடியினரின் கொல் என்ற ஊதுகுழல், தப்பட்டை மாதிரி வாத்தியம் சேர்ந்தால் இன்னும் கீழே, மைனஸ் 18 வரை வையுங்கள், மைக்கையும் தள்ளி வையுங்கள். மைக்குக்குள்ளேயே ஒலி உடைந்துவிட்டால் எத்தனை பிட் போட்டாலும் திரும்பக் கிடைக்காது.

16 பிட்டில் உச்சம் மைனஸ் 30இல் நின்றால், மேலே 5 பிட் சும்மா கிடக்கிறது, 11 பிட்டில்தான் பாட்டு இருக்கிறது. 24 பிட்டில் அதே தவறு நடந்தாலும் 19 மிஞ்சும். நான் முதலில் இடம் என்று சொன்னது இதைத்தான்.

அப்புறம் ஒரு சோதனை செய்து பாருங்கள், இதைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். அளவு வைத்து முடித்ததும், எல்லோரும் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். மீட்டரைப் பாருங்கள். அந்த அமைதி மைனஸ் 60இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டின் உச்சம் மைனஸ் 12. இரண்டுக்கும் நடுவில் 48 டெசிபல். ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்றால் 8 பிட் அளவுதான் உங்கள் அறை அனுமதிக்கிறது. மீதியெல்லாம் ஃப்ரிட்ஜின் உறுமலையும் இன்வெர்ட்டர் விசிறியையும்தான் துல்லியமாகப் பதிவு செய்கிறது. அமைதியை மைனஸ் 70க்கு இறக்கினால் கிடைக்கும் பலன், 16ஐ 24 ஆக்குவதைவிடப் பெரிது.

நம் மலையில் அதற்குச் சில வழிகள். ஃப்ரிட்ஜை அரை மணி நேரம் அணைத்துவையுங்கள், திரும்பப் போட மறக்காதீர்கள். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து எடுத்து பேட்டரியில் ஓட்டுங்கள். பழைய வீடுகளிலும் எஸ்டேட் லயன்களிலும் எர்த் சரியாக இருக்காது, சார்ஜர் வழியாக ஒரு 'ம்ம்' என்ற ஓசை பதிவில் ஏறிவிடும். தகரக் கூரை வீட்டில் மழை நேரத்தில் பதிவு செய்யவே வேண்டாம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழை கனமாக வரும், அக்டோபர், நவம்பரைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி இரவுகள் நல்ல அமைதி. கற்பூர மரத்தில் காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிடுங்கள்.

குளிரில் இன்னொன்று கவனிக்க வேண்டும். உங்கள் மைக் கண்டென்சர் வகையாக இருந்தால் ஈரம் அதற்கு ஆகாது. வெளியே பனியில் வந்த மைக்கை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்ததும் திறந்தால், உள்ளே நீர் கோத்து பொரிவது போல ஒரு ஓசை வரும். பையோடு அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டு எடுங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். பொரியும் ஓசை கேட்டால் செட்டிங்கில் கோளாறு என்று நினைத்து மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

டிஸ்க்கில் இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். ஒரு மைக் என்றால் மோனோவே போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 520 எம்பி. 96 கிலோஹெர்ட்ஸ் போடலாமா என்று கேட்டால், குரலுக்கு அவசியமில்லை என்பதே என் கருத்து. அந்த இடத்தை இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பழைய பதிவுகள். 16 பிட் ஃபைலை 24 பிட்டாக மாற்றிக் கொடுக்காதீர்கள். படியால் அளந்து எழுதிய கணக்கை ஆழாக்குக் கணக்காக மாற்றி எழுதினால் அளவு துல்லியமாகிவிடாது. ஃபைல் ஒன்றரை மடங்கு பெருக்கும், அவ்வளவுதான். மாணவி பிறகு சோதித்துப் பார்த்தால் எது நிஜம் என்ற சந்தேகம் மற்ற பதிவுகளின் மேலும் விழும். 16 பிட்டாகவே கொடுங்கள், எந்த மைக், எந்த செட்டிங், யார் பாடியது, எந்த ஊர், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரைச்சல் நீக்கி, சத்தம் ஏற்றி, அழகுபடுத்திய பிரதி வேண்டுமானால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம். எம்பி3 ஆக மட்டும் மிஞ்சியிருப்பவற்றுக்கும் இதே பதில்தான். எம்பி3க்கு நிலையான பிட் அளவு என்று ஒன்று கிடையாது, அதை வேவ் ஆக்கினாலும் போனது வராது. எம்பி3 ஆகவே கொடுக்கலாம்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ஆடியோவாகவோ வாய்ஸ் மெசேஜாகவோ அனுப்பாதீர்கள். டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஃபைல் மாறாமல் போகும். மலைமேல் நெட் வேகத்தை நம்பி மணிக்கணக்கான பதிவை ஏற்றுவதைவிட, ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ யாராவது போகும்போது பென்டிரைவில் கொடுத்துவிடுவது எளிது. கொடுத்த பிறகும் உங்கள் லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இன்னொரு வீட்டில் ஒன்று என்று வையுங்கள். மைக்கின் மாடல் பெயரை எழுதினால் அதில் 24 பிட் உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.